யூஎன் அகதிக் கார்டு வைத்திருந்தால் எல்லாம் இலவசமாமே, உண்மையா?

பால்மரத்துப்பேத்தி:

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் தாமான் (குடியிருப்பு) வீடுகள், நடுவில் சடக்கு (ரோடு) ஓரமாக நாலு கடை. போன வாரம் அப்பாவை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன், இனிப்பு நீருக்கு மாத்திரை எடுக்கிற நாள். எங்களுக்கு முன்னால் பர்மாவிலிருந்து அகதியாக வந்த ஒரு ரோஹிங்யா அம்மா, இடுப்பில் காய்ச்சல் குழந்தை. கவுண்டரில் ஏதோ சொன்னார்கள், அவள் பையைக் கவிழ்த்து மேசையில் சில்லறையை எண்ண ஆரம்பித்துவிட்டாள். வரிசை நின்றுபோனது. பின்னால் இருந்த நம் ஆள் ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னார், "நம்ம வரியில இவங்களுக்கு மருந்து ஃப்ரீ, ஸ்கூலு ஃப்ரீ, மாசாமாசம் யூஎன் காசு வேற. நம்ம கெழவிங்களுக்குத்தான் ஒன்னும் கெடையாது." நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார். பொய் சொல்ல விரும்பவில்லை, நானும் மனதுக்குள் ஆட்டினேன்.

ஏன் என்றால் வீட்டில் பாட்டி இருக்கிறாள். மூன்று வயதில் கப்பலில் வந்தவள், இப்போது எழுபத்தொன்பது. முப்பது வருடத்துக்கு மேல் கித்தா (ரப்பர்) மரம் சீவியவள். இன்றைக்கும் சிவப்பு ஐசிதான், நிரந்தரவாசி, குடியுரிமை இல்லை. 2025 ஆகஸ்ட் 31 முதல் பதினெட்டு வயதைத் தாண்டிய குடிமக்கள் எல்லாருக்கும் மைகாட்டில் (குடிமக்கள் அடையாள அட்டையில்) 100 வெள்ளி போட்டார்களே, அது அவளுக்கு இல்லை. அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன், இருபது வயது, அந்த நூறு வெள்ளியில் மைலோ, பிஸ்கட் என்று வாங்கி வந்து திண்ணையில் வைத்துப் பிரித்தான். பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரவில் யோசித்தபோதுதான் உறைத்தது. எல்லாம் இலவசம் என்றால் அந்த அம்மா எதற்குச் சில்லறை எண்ணினாள்?

அதனால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். யூஎன் கார்டுக்கு உண்மையில் என்னதான் கிடைக்கிறது? வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்ப வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

---

லோரிமணி:

தங்கச்சி, நீங்கள் கிளினிக்கில் ஒரு நாள் பார்த்தீர்கள், நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் தாமான் பின்வரிசையில் மூன்று அறை வீட்டில் பதினைந்து பேர். வாடகை 600 இருந்தது, ஆள் கணக்குப் போட்டு வாங்கினால் லாபம் என்று வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த பிறகு 900க்குக் கீழே கிடைப்பதில்லை. நான் முன்பு புல் வெட்டும் காண்ட்ராக்டில் இருந்தேன், நாளுக்கு 80 வெள்ளி. காண்ட்ராக்டர் ஒரு நாள் கூப்பிட்டு, 50க்கு ஆள் வருகிறான் மணி, நீ என்ன சொல்கிறாய் என்றார். நான் என்ன சொல்வேன், லோரிக்கு வந்துவிட்டேன்.

இதைச் சொன்னால் இனவெறி என்பார்கள். சொல்லட்டும். நம் பையன்கள் எஸ்பிஎம் பரீட்சை முடித்துவிட்டு மோட்டாரில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறார்கள். அவர்களுக்கு யார் அழுவது? முதலில் வீட்டுக்கு விளக்கு, அப்புறம்தான் கோயிலுக்கு.

---

கவுண்டர்_அக்கா:

பேத்தி, நான் அரசாங்க மருத்துவமனைப் பதிவுக் கவுண்டரில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

நீல ஐசிக்கு, அதாவது குடிமக்களுக்கு, வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5. வெளிநாட்டவருக்கு அதே சீட்டு 40, நிபுணருக்கு முதல் முறை 120. யூஎன் கார்டு காட்டினால் அந்த வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. கவனியுங்கள், நம் கட்டணத்தில் பாதி இல்லை, அவர்கள் கட்டணத்தில் பாதி. அதாவது நீங்கள் ஒரு வெள்ளி நீட்டிய இடத்தில் அவள் இருபது எண்ணியிருப்பாள். வார்டில் படுக்கச் சொன்னால் முன்பணம் கேட்பார்கள், பிரசவம் என்றால் ஆயிரக்கணக்கில் போகும். வலியோடு வந்த பெண்ணை உட்கார வைத்துவிட்டுப் புருஷன் வெளியே போய்ப் போன் போட்டுக் கடன் கேட்பதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கார்டே இல்லாதவர்கள் கதை இன்னும் மோசம். ஆவணம் இல்லாமல் வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2001இலேயே சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அதனால் கடைசி நேரம் வரை வரமாட்டார்கள். புண் அழுகிய பிறகு, ஜுரம் தலைக்கேறிய பிறகு வருவார்கள். அப்போது செலவும் கூடும், அந்தக் கோபமும் அவர்கள் மேலேயே விழும்.

பள்ளிக்கூடம்? அரசாங்கப் பள்ளியில் அகதிப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. கடைவீட்டு மாடியிலோ வாடகை வீட்டிலோ தொண்டர்கள் நடத்துகிற வகுப்பில்தான் படிக்கிறார்கள், படித்து முடித்தாலும் எஸ்பிஎம் மாதிரி கையில் ஒன்றும் மிஞ்சாது. மாதக் காசு? மிகவும் நொந்துபோன சில குடும்பங்களுக்கு யூஎன் கொஞ்சம் உதவுவது உண்டு. எல்லாருக்கும் மாதம் பிறந்தால் காசு என்பது கதை. எஸ்டிஆர், சாரா என்கிற அரசாங்க உதவிகள், 2025இல் பெட்ரோலுக்கு வந்த லிட்டர் 1.99 விலை, எல்லாமே மைகாட்டில்தான். மைகாட் இல்லை என்றால் இல்லை.

இன்னொன்று, அந்தக் கார்டை நம் அரசாங்கம் கொடுப்பதில்லை, ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையம் கொடுக்கிறது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்துப் போடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்று தனி வகையே கிடையாது, பெர்மிட் இருக்கிறவன், இல்லாதவன், அவ்வளவுதான். பிடித்தால் கார்டைப் பார்த்து விட்டாலும் விடலாம், விடாமலும் இருக்கலாம்.

---

லோரிமணி:

அக்கா சொன்ன கட்டணக் கணக்கு எனக்குத் தெரியாது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. வேலை செய்ய அனுமதி இல்லை என்றால் எப்படி எங்கே பார்த்தாலும் வேலை செய்கிறார்கள்?

---

தீம்பார்_மண்டோர்:

மணி அண்ணே, அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது. அனுமதி இல்லாததால்தான் 50க்கு வருகிறான். சம்பளம் தராவிட்டால் லேபர் ஆபீசில் போய் நிற்க முடியாது, நின்றால் அவனையே பிடிப்பார்கள். இது காண்ட்ராக்டருக்கு நன்றாகத் தெரியும்.

நான் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவன், அதனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் இந்தோனேசியர், பங்களா, நேப்பாளி, ரோஹிங்யா எல்லாரையும் ஒரே சட்டியில் போட்டு வறுக்கிறார்கள். (பங்களா என்றுதான் எழுதுகிறேன், வங்காளி என்றால் நம் ஊரில் சீக்கியரைச் சொல்வது, வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) என் தீம்பாரில் இருப்பவர்கள் பெர்மிட்டில் வந்தவர்கள். தோட்டத் துறையில் ஓர் ஆளுக்கு வருடம் 640 வெள்ளி லெவி (அரசாங்கத் தீர்வை), 2018 முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 அவர்களுக்கும் பொருந்தும். 2019 முதல் சொக்சோ (வேலை விபத்துக் காப்புறுதி) உண்டு, அதற்கு முன் கை போனாலும் கால் போனாலும் வேறு ஒரு சின்ன இழப்பீடுதான். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இபிஎஃப் சேமநிதி கூட வந்துவிட்டது, முதலாளி 2 விழுக்காடு, ஆள் 2 விழுக்காடு. நமக்கு முதலாளி 12, 13 போடுகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கம்பெனிக்கு எந்த ஆள் மலிவு என்று புரியும்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த பெர்மிட்டில் வருபவன் பெண்டாட்டி பிள்ளையைக் கொண்டுவர முடியாது, இங்கே கல்யாணமும் செய்யக்கூடாது. கம்பெனிக்கு ஆள் வேண்டும், குடும்பம் வேண்டாம். நம் தாத்தா பாட்டி காலத்தில் லயம் கட்ட வேண்டும், ஆயாக்கொட்டகை வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு இடம் விட வேண்டும், கோயில் திருவிழாவுக்கு லீவு கொடுக்க வேண்டும். கொங்சியில் (ஆட்கள் தங்கும் கொட்டகையில்) பத்துப் பேரைப் படுக்க வைத்தால் இதெல்லாம் மிச்சம். நம்மைத் தோட்டத்தை விட்டு அனுப்பியது அந்த பங்களா பையன் இல்லை அண்ணே. அவன் வந்தபோது லயம் ஏற்கெனவே காலியாக இருந்தது.

2017இல் 300 ரோஹிங்யாக்களைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சட்டப்படி வேலைக்கு வைத்துப் பார்க்கலாம் என்று அரசாங்கம் ஒரு சோதனைத் திட்டம் போட்டது. எடுபடவில்லை. கூட்டாளிகள் இருக்கிற பட்டணத்தை விட்டு எங்கோ தோட்டத்துக்குப் போக அவர்களில் பலருக்கு விருப்பமில்லை. அவர்கள் பக்கமும் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை.

---

ஓய்வுக்கிராணி:

பிள்ளைகளே, இந்த வாதத்தைப் படித்ததும் எனக்கு இந்தியாவுக்குப் போய்வந்த ரஜூலா கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

எனக்கு அப்போது பதினாலு வயது. 1969 மே 13 இனக் கலவரம் முடிந்த சமயம். 1968இல் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள், குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று. அதைக் கலவரத்துக்குப் பிறகு இறுக்கிப் பிடித்தார்கள். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேரிடம் சிவப்பு ஐசி. 1957இல் சுதந்திரம் வந்தபோது பாரம் (மனுப் படிவம்) கொடுங்கள், குடியுரிமை எடுங்கள் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சொன்னார்களாம். எங்கள் ஆட்கள், நாமென்ன இங்கேயே சாகவா போகிறோம், நாலு காசு சேர்த்து ஊருக்குப் போவோம் என்று விட்டுவிட்டார்கள். சிலருக்குப் பாரம் நிரப்பத் தெரியவில்லை, சிலருக்கு அரை நாள் சம்பளம் போகுமே என்று கவலை. பத்து வருடம் கழித்து, நீ இந்த நாட்டுக்காரன் இல்லை, பெர்மிட் எங்கே என்றால் எங்கே போவது? பிறகு ஒவ்வொரு வீடாகக் காலியானது. மாட்டை விற்றார்கள், கோழியை விற்றார்கள், தையல் மிஷினை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டார்கள். நாடு முழுவதும் 60,000 பேர் வரை இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்பார்கள். என் பெரியப்பா குடும்பம் அதில் ஒன்று. அங்கே போன பிறகு ஊர்க்காரர்கள் அவர்களை "மலேயாக்காரங்க" என்றுதான் கூப்பிட்டார்கள், கடைசி வரைக்கும்.

இதே மாதிரித்தான் அப்போதும் பேசினார்கள். எங்கள் வேலையை எடுத்துக்கொண்டார்கள், எங்கள் நாட்டில் தின்கிறார்கள் என்று. அப்போது அந்தப் பேச்சு நம்மைப் பார்த்து.

---

புதுத்தாமான்_பையன்:

ஐயா, வயதில் பெரியவர் நீங்கள், மரியாதையோடு மறுக்கிறேன். இந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கவில்லை. நம் முன்னோர் படகில் தானாக வந்து இறங்கியவர்கள் இல்லை. வெள்ளைக்காரன் கங்காணியை அனுப்பிக் கூட்டி வந்தான், காட்டை அழித்து இந்த நாட்டுக்கு ரப்பர் கொடுத்தார்கள், மலேரியாவில் செத்தார்கள். நேற்று வந்தவனையும் நம் பாட்டியையும் ஒரே தராசில் வைத்தால், நமக்கு இங்கே உரிமை இல்லை என்று சொல்கிறவனுக்கு நாமே வாய்ப்புக் கொடுத்தது போல ஆகிவிடும். "நீங்களும் வந்தேறிதானே" என்று ஏற்கெனவே கேட்கிறான்.

முதலில் சிவப்பு ஐசியை முடிக்கட்டும். 2018இல் அறுபது வயதுக்கு மேற்பட்ட 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அறிவித்தார்கள், நல்ல செய்தி. ஆனால் 2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தைப் படித்தீர்களா? வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கு மலேசியத் தாய் வழியாகக் குடியுரிமை என்று கைதட்டினோம். அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு, அதாவது சிவப்பு ஐசிக்காரர்களுக்கு, இங்கே பிறக்கும் பிள்ளை தானாகக் குடிமகன் ஆகும் வழியை எடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி நம் ஊர்க் காப்பிக் கடையில் ஒருவர் பேசினாரா? ரோஹிங்யா இலவச மருந்து பற்றித்தான் பேசினார்கள்.

---

செவ்வந்தி_பீடோர்:

தம்பி, கடைசிப் பத்தியில் நீங்களே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள் லா.

நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். 2010இல் பினாங்குக் கடலில் ஈழத் தமிழர்கள் படகை விட்டு இறங்க மாட்டோம் என்று நின்றார்களே, அப்போது நம்மில் யாராவது "தானாக வந்தவர்கள்" என்றோமா? பெர்மிட் எங்கே என்று கேட்டோமா? எங்கள் கோயிலில் அரிசியும் பால் டின்னும் சேர்த்தோம், நானே மூன்று கோணி கட்டினேன். அவர்களும் இவர்கள் மாதிரி தஞ்சம் கேட்டு வந்தவர்கள்தான். இங்கே பதிவானவர்களில் பெரும்பாலோர் மியன்மார்க்காரர்கள், அவர்களில் பாதிக்கு மேல் ரோஹிங்யா, அவர்கள் தமிழ் பேசவில்லை. வித்தியாசம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்காக அவர்களைக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை, எனக்கும் பின்வீட்டுச் சத்தம் எரிச்சல்தான், குப்பையைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள், இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் குப்பைக்குச் சண்டை போடுவது வேறு, இல்லாத காசை வாங்குகிறான் என்று திட்டுவது வேறு.

2020 ஏப்ரலில், கோவிட் அடைப்பில், படகுகளைத் திருப்பி அனுப்பியபோது நம் முகநூலில் வந்த கருத்துகளைப் படித்தேன். நம் ஆட்கள் எழுதியதுதான் எனக்கு வெட்கம். "கடலிலேயே சாகட்டும்" என்று எழுதியவரின் படத்தில் பின்னால் முருகன் இருந்தார்.

---

லோரிமணி:

ஈழத்தை இதில் இழுக்காதீர்கள் அக்கா, அது வேறு. எப்படி வேறு என்று கேட்காதீர்கள், வேறுதான்.

மண்டோர் சொன்னதை மட்டும் யோசித்தேன். அவனுக்கும் 80 கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தால் காண்ட்ராக்டர் என்னை வைத்திருப்பாரோ என்னவோ. எனக்கு மலாய் பேச வரும், லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வராது. வந்தாலும் இன்னும் நூறு படகு வரும் என்று பயமும் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை.

---

கவுண்டர்_அக்கா:

அந்தப் பயத்தைத் தவறு என்று சொல்லமாட்டேன். பூலாவ் பீடோங் காலத்திலும் இதே பயம்தான். 1978இல் வியட்நாம்காரர்கள் வந்து திரெங்கானு கடலில் அந்தக் குட்டித் தீவே நிரம்பி வழிந்தது. அவர்களை அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா என்று எடுத்துக்கொண்டார்கள், 1991இல் தீவு முகாமை மூடியாயிற்று. இவர்களை எடுத்துக்கொள்ள அப்படி வரிசையில் யாரும் நிற்கவில்லை, பர்மாவும் குடியுரிமை தர மறுக்கிறது. அதனால்தான் இருபது வருடமாக, முப்பது வருடமாக இங்கேயே "தற்காலிகமாக" இருக்கிறார்கள். இங்கே பிறந்து, இங்கே வளர்ந்து, அழகாக மலாய் பேசும் பிள்ளைகள் என் கவுண்டருக்கு வந்திருக்கிறார்கள். ஒரு பையன் தமிழில் "அக்கா, நம்பர் என்ன" என்று கேட்டான், பக்கத்து வீட்டில் நம் ஆட்களாம்.

---

பால்மரத்துப்பேத்தி:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. அப்பாவிடம் 1 வெள்ளி, 20 வெள்ளி கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பவும் அவங்க ஆளுங்க கூடிப்போச்சு" என்றார். சரி, அப்பா அப்படித்தான்.

பாட்டியிடம் கிராணி ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ரஜூலா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய அக்கா அந்தக் கப்பலில்தான் போனாளாம். பாட்டி போர்ட்டில் நின்று கையாட்டினாளாம், அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கவே இல்லையாம். இத்தனை வருடத்தில் எங்களிடம் இதைச் சொன்னதே இல்லை. அந்த ரோஹிங்யா அம்மாவைப் பற்றியும் சொன்னேன். "புள்ளைக்குக் காச்ச விட்டுச்சாமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

2018 அறிவிப்பு வந்தபோது பாட்டிக்கும் மனு போட்டோம். நேர்காணலில் மலாயில் ஏதோ கேட்டிருக்கிறார்கள், பாட்டி பயந்துபோய்த் தமிழில் பதில் சொல்லிவிட்டாள், அதோடு போச்சு. மறுபடி போட வேண்டும். முன்பு போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், என்னென்ன காகிதம் எடுத்து வைக்க வேண்டும்?

---

ஓய்வுக்கிராணி:

பாட்டியின் பழைய சிவப்பு ஐசி, பிள்ளைகள் பிறப்புப் பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் அதுவும். செக்ரோல் (தோட்டத்து ஆள் பதிவு) புத்தகத்தில் பெயர் இருந்தால் இன்னும் நல்லது, சில தோட்டத்துப் பழைய புத்தகங்கள் என்னிடம் கிடக்கின்றன, கரையான் விட்டது போக. சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் இருப்பேன், மாதம் ஒரு முறை இந்த வேலைதான் பார்க்கிறேன். மலாயில் பெயர், வயது, எங்கே வேலை செய்தீர்கள், இவ்வளவையும் பாட்டிக்கு நாங்களே சொல்லித் தருவோம், பழகிக்கொள்வார்.

---

லோரிமணி:

என் அம்மாவுக்கும் சிவப்புதான் ஐயா. நான் சொன்னதில் மாற்றம் ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம். சனிக்கிழமை எத்தனை மணிக்கு?

---

ஓய்வுக்கிராணி:

பத்து. பசியாறிவிட்டு வாருங்கள், அங்கே தேத்தண்ணி மட்டும்தான். போட்டோஸ்டாட் பக்கத்துக் கடையில் எடுக்கலாம், அந்தக் கடையில் இப்போது நிற்பது ஒரு பர்மாக்காரப் பையன், நகல் ஒழுங்காக எடுப்பான்.